நிறத்தைப் படத்திலிருந்து எடுத்தேன், நான்கு மாதம் போனது

போன வருடம் மார்ச் மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. 1940களில் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நடக்கும் கதை, எட்டு எபிசோட் வெப் சீரிஸ். ஷூட்டிங்குக்கு முன்னால் கதை முழுக்க நிறம் எப்படி நகர வேண்டும் என்று காட்டும் 24 கலர் கீ வேண்டும் என்றார்கள். கலர் கீ என்பது ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் உள்ளங்கை அளவில் வரையும் சின்ன வண்ணப் படம். அதில் மூக்கு, முழி எதுவும் இருக்காது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்த நிறம் எவ்வளவு இடம் பிடிக்கிறது, பார்ப்பவர் மனதில் என்ன படிய வேண்டும் என்பது மட்டும் இருக்கும். மொத்தம் 1,80,000 ரூபாய், இரண்டு மாத வேலை, அட்வான்ஸ் 50,000. ஆறு வருடமாக கேம் கம்பெனிகளுக்குப் பொருட்களும் கதாபாத்திரங்களும் வரைந்துகொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் திரை வேலை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். அடுத்த நான்கு மாதமும் தூக்கம் வரவில்லை, அது வேறு காரணம். வளசரவாக்கத்தில் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவன் நான். பக்கத்து நாற்காலியில் திரும்பி ஒரு சந்தேகம் கேட்க ஆள் இல்லை. இப்படி ஒரு வேலையை இப்போது கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் நான் ரெஃபரன்ஸ் சேர்த்தேன். சேர்த்தேன் என்றால் வெறியோடு சேர்த்தேன். காரைக்குடி வீடுகள், பழைய புகைப்படங்கள், வேறு பீரியட் படங்களின் ஃப்ரேம்கள், ஓவியங்கள், சேலைக் கடைகளின் விளம்பரப் படங்கள் என்று 600க்கு மேல். அப்புறம் பிடித்த படங்களை, ஒரு படத்தைக் கொடுத்தால் ஐந்து நிறப் பட்டையாகப் பிரித்துத் தரும் தளங்களில் ஏற்றினேன். பழுப்பு, மங்கலான தங்கம், பாசி படிந்த பச்சை, கொஞ்சம் நீலப்பச்சை. பட்டைகளைப் பார்க்கவே அழகாக இருந்தது. அந்தப் பட்டைகளிலிருந்து கலர் பிக்கரால் நிறத்தை எடுத்து எடுத்து முதல் எட்டு கீயை வரைந்தேன். என் கண்ணுக்கு அது பழைய காலமாகவே தெரிந்தது. மனதுக்குள் பெருமையும் இருந்தது.

மீட்டிங்கில் இயக்குநர், ஆர்ட் டைரக்டர், ஒளிப்பதிவாளர் மூன்று பேரும் இருந்தார்கள். படங்களைச் சுவரில் போட்டதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஒளிப்பதிவாளர்தான் முதலில் கேட்டார். "தம்பி, இது என்ன நேரம்? காலையா, சாயங்காலமா?" என்னிடம் பதில் இல்லை. "சரி, இந்தப் பொண்ணு முகத்துல விழுற வெளிச்சம் எங்கேர்ந்து வருது? முற்றத்துலேர்ந்தா, வாசல்லேர்ந்தா?" அதற்கும் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஆர்ட் டைரக்டர் ஒரு கீயைக் காட்டி, "இந்த நெழல்ல இருக்கிற நீலப்பச்சை டிஐல போட்டது தம்பி. அந்த ஊர்ல அப்படி ஒரு நெழல் கெடையாது" என்றார். டிஐ என்பது ஷூட்டிங் முடிந்தபின் கம்ப்யூட்டரில் படத்தின் நிறத்தைத் திருத்தும் கட்டம். அப்போதுதான் புரிந்தது, நான் எடுத்த நிறங்களில் பாதி யாரோ ஒரு கலரிஸ்ட் ஏதோ ஒரு படத்துக்காகத் திரை முன்னால் உட்கார்ந்து போட்ட நிறங்கள் என்று.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் என் எல்லாத் தப்புக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு படத்தில் இருக்கும் நிறம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் நான்கு கை மாறிவிடுகிறது. முதலில் பொருளின் சொந்த நிறம். அடுத்து அதன்மேல் விழும் வெளிச்சம். அப்புறம் கேமரா அதைப் பதிந்த விதம். கடைசியில் டிஐயிலோ போட்டோஷாப்பிலோ யாரோ செய்த மாற்றம். கலர் பிக்கர் இந்த நான்கையும் கூட்டிப் பிசைந்து ஒற்றை எண்ணாகக் கொடுக்கிறது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் வேறொரு வெளிச்சத்தில் வைத்தால் அது பொருந்தவே பொருந்தாது. வெள்ளை வேட்டி அரிக்கேன் விளக்குப் பக்கத்தில் ஆரஞ்சாகவும், முற்றத்தின் நிழலில் நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும். வெளிச்சத்தின் நிறத்தை நிறவெப்பம் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஆரஞ்சு, ஏற ஏற நீலம். விளக்குச் சுடரின் நிறவெப்பம் ஏறக்குறைய 1,900 கெல்வின். உச்சி வெயில் 5,500 பக்கத்தில். வெயில் விழாமல் நீல வானத்தின் வெளிச்சம் மட்டும் விழும் இடம் 7,000ஐத் தாண்டிப் போகும். ஆகவே ரெஃபரன்ஸ் எடுக்கும்போது "இது என்ன நிறம்" என்று கேட்பதற்கு முன் "இது எந்த வெளிச்சம், யார் கை வைத்த படம்" என்று கேளுங்கள். இப்போது நான் சேர்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதுகிறேன்: நேரம், வெளிச்சத்தின் திசை, டிஐ ஆனதா, போனில் எடுத்ததா, ஓவியமா. அந்த ஒரு வரி எழுத முடியாத படத்தை நிறத்துக்காக வைத்துக்கொள்வதே இல்லை. 600 படம் இப்படி 70 ஆகக் குறைந்தது.

போனில் எடுத்த படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன் கேமரா தானாகவே வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும். விளக்கு வெளிச்சத்தின் மஞ்சளை எல்லாம் துடைத்துவிட்டு, அதோடு நிறத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். நாமே நேரில் படம் எடுக்கப் போனால் ஒயிட் பேலன்ஸ் என்ற அந்த அமைப்பைப் பகல் வெளிச்சத்தில், அதாவது 5,500இல் பூட்டிவிட்டு எடுங்கள். ஒரு சாம்பல் அட்டையும் ஒரு வெள்ளைத் தாளும் ஃப்ரேமுக்குள் ஓரமாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் அந்தத் தாள் என்ன நிறமாக விழுந்திருக்கிறதோ அதுதான் அந்த இடத்தின் வெளிச்சம்.

முதல் எட்டும் போனது. மூன்று வாரம். இரண்டாவது சுற்றில் இன்னொரு பெரிய தப்பு செய்தேன். "உண்மையான ரெஃபரன்ஸ் வேண்டும்" என்று முடிவு செய்து, அந்தக் காலத்துக் குடும்பப் புகைப்படங்களுக்குப் போனேன். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான், ஆனால் எது அடர்த்தி, எது வெளிர் என்பதையாவது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டிலேயே என் அப்பத்தாவின் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. அதில் கட்டியிருக்கும் பட்டுச் சேலை ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். அதை வைத்துக் கல்யாணக் காட்சிக்குக் கருநீலச் சேலை போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனபோது அதை அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏய்யா, கல்யாணப் பொண்ணுக்கு யாராச்சும் கருநீலம் எடுப்பாகளா? அது அரக்குய்யா. நல்ல செவப்பு அரக்கு" என்றார். பீரோவைத் திறந்து சேலையையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. ஆர்த்தோக்ரோமேட்டிக் என்று ஒருவகை ஃபிலிம் உண்டு. அதற்குச் சிவப்பு வெளிச்சம் தெரியவே தெரியாது. நீலமும் பச்சையும்தான் தெரியும், அதிலும் நீலம் அதிகமாகத் தெரியும். எல்லா நிறத்தையும் உணரும் பேன்க்ரோமேட்டிக் ஃபிலிம் வந்த பிறகும் பல ஸ்டூடியோக்களில் பழைய வகை நெடுநாள் புழங்கியது. சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவிக்கொள்ளலாம் என்ற வசதி அதற்கு உண்டு. ஆகவே அந்தப் படங்களில் குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரியும், சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும், நீல வானம் வெள்ளைத் தாளாகத் தெரியும், மாநிற முகம் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். பழைய படத்திலிருந்து அடர்த்தியை அப்படியே நகல் எடுத்தால் இந்தத் தப்பையும் சேர்த்தே நகல் எடுக்கிறோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு மயக்கமும் எனக்கு இருந்தது. பழைய காலம் என்றால் பழுப்பு. அது புகைப்படத்தாளின் நிறம், அந்தக் காலத்தின் நிறம் இல்லை. செயற்கைச் சாயத்தை 1856இல் பெர்கின் கண்டுபிடித்துவிட்டார். 1897இல் செயற்கை அவுரி நீலமே வியாபாரத்துக்கு வந்துவிட்டது. 1940களில் கல்யாண வீட்டுப் பெண்கள் பளபளக்கும் நிறங்களில்தான் சுற்றியிருப்பார்கள். 1907இல் லூமியேர் சகோதரர்கள் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் கண்ணாடித் தகடுகளில் எடுத்த வண்ணப் படங்கள் ஏராளமாகப் பாரிஸ் பக்கத்தில் ஆல்பேர் கான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்டெஃபான் பாஸே 1913, 14 வாக்கில் இந்தியாவில் எடுத்தவையும் அதில் உண்டு. எடுத்தது பெரும்பாலும் வடக்கே, நம் ஊர் இல்லை. இருந்தாலும் நூறு வருடத்துக்கு முந்தைய துணி எவ்வளவு நிறமாக இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பழுப்பு மயக்கம் போய்விடும். அதை நான் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும்.

அப்பத்தா கொடுத்த அரக்குச் சேலையைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் விரித்துப் படம் எடுத்து, மறுபடியும் கலர் பிக்கரை வைத்தேன். ஒரு இடத்தில் வைத்தால் சிவப்பு, அரை அங்குலம் தள்ளி வைத்தால் கறுப்பு கலந்த ஊதா, மடிப்பின் மேல் வைத்தால் ஏறக்குறைய ஆரஞ்சு. எது அரக்கு? அன்றைக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மறுநாள் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மயில்கழுத்துச் சேலை ஒன்றை எடுத்துக் கையில் அசைத்துக் காட்டினார். நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூலில் இன்னொரு நிறம். துணி வளையும் இடத்தில் ஒன்று மேலே வரும், மற்றது உள்ளே போகும். அந்தச் சேலைக்கு ஒற்றை நிறம் என்று எதுவுமே இல்லை. நிறம் அசைவில்தான் இருக்கிறது. "கலர் நூல்ல இல்லைங்க, பக்கத்து நூல்ல இருக்கு" என்றார். சிவப்பு உடம்புக்குப் பச்சைக் கரை போட்டால் சிவப்பு எரியும், அதே சிவப்புக்கு மஞ்சள் கரை போட்டால் அடங்கிவிடும் என்று இரண்டு சேலைகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அவர் சொன்னதையேதான் 1839இல் பிரான்சில் செவ்ரால் என்ற வேதியியலாளர் ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார். அவர் பாரிசில் கோப்ளான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கறுப்புச் சாயம் நன்றாகப் பிடிக்கவில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் உரத்தைக் குறைத்துக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதுதான் விஷயம். காஞ்சிபுரத்துத் தறிக்காரரும் பாரிஸ் வேதியியலாளரும் நெசவு வழியாகவே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இதை வேலைக்குக் கொண்டுவந்தது எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அரிக்கேன் விளக்கில் கிழவி கணக்கு எழுதும் காட்சி ஒன்று. முதலில் நிழலில் அசல் நீலத்தை வைத்திருந்தேன். அது துண்டாக, ஒட்டாமல், நாடக மேடை போலத் தெரிந்தது. ஜேம்ஸ் கர்னி என்ற ஓவியர் பரப்பிய ஒரு முறை உண்டு. வண்ணச் சக்கரத்தின் மேல் ஒரு ஓட்டை போட்ட முகமூடியை வைத்து, ஓட்டைக்குள் தெரியும் நிறங்களை மட்டும் புழங்குவது. அப்படி ஆரஞ்சுப் பக்கம் மட்டும் ஓட்டை வைத்துக்கொண்டு, நிழலில் வெறும் சாம்பலைப் போட்டேன். சுற்றிலும் ஆரஞ்சாக இருந்ததால் அந்தச் சாம்பல் நீலமாகத் தெரிந்தது. நீலமே போடாமல் நீலம் வந்துவிட்டது, காட்சியும் ஒரே வெளிச்சத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. பாலெட் என்றால் ஐந்து பட்டைகள் என்று நினைத்த எனக்கு, அந்தப் பட்டைகளில் எது எவ்வளவு பரப்பு, எதன் பக்கத்தில் எது என்பதுதான் பாலெட் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே பட்டைகளைச் சமமான கட்டங்களாக வைத்துக்கொண்டு யாரிடமும் ஒப்புதல் வாங்காதீர்கள். எழுபது பங்கு சுண்ணாம்பு வெள்ளை, இருபத்தைந்து பங்கு மரத்தின் பழுப்பு, ஐந்து பங்கு அரக்கு என்று பரப்பு அளவிலேயே காட்டுங்கள். ஐந்து பங்கு அரக்கு அந்த ஃப்ரேமையே ஆளும், அதே அரக்கு முப்பது பங்கானால் யாருக்கும் கண்ணில் படாது.

அடர்த்தியைச் சோதிப்பதில் ஒரு சின்ன நுணுக்கம், ஆனால் என் ஒரு வாரத்தைச் சாப்பிட்டது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகப் பார்க்க நான் போட்டோஷாப்பில் டீசாச்சுரேட் கட்டளையைப் பயன்படுத்தினேன். அது முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும். நம் கண்ணுக்கோ மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை, நீலம் கிட்டத்தட்ட கறுப்பு. பிரகாசத்தில் பச்சையின் பங்கு 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. அதனால் மேலே ஒரு லேயரில் கறுப்பை நிரப்பி, அதன் பிளெண்ட் முறையை கலர் என்று மாற்றிப் பாருங்கள். அது கண்ணுக்கு ஏறக்குறைய சரியாக வரும். சலிக்காமல் இதை ஒவ்வொரு கீக்கும் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் புரியாத காட்சி நிறம் பூசினாலும் புரியாது.

இதற்குள் ஜூன் வந்துவிட்டது. பேசிய இரண்டு மாதம் தாண்டிவிட்டது. ஒரு கேம் கம்பெனி கொடுக்கவந்த இரண்டு மாத வேலையையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். புதிதாக 16 கீ அனுப்பினேன். இந்த முறை நிச்சயம் என்று நம்பியிருந்தேன். இயக்குநர் போனில், "எல்லாம் ஒரே பச்சையா இருக்கே" என்றார். எனக்குத் தலை சுற்றியது. என் திரையில் எந்தப் பச்சையும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. என் மானிட்டர் ஐந்து வருடப் பழசு, காலிபரேட் செய்ததே இல்லை, அதாவது நிறத்தை அளந்து சரி செய்ததே இல்லை, பச்சையை அது குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஈடு கட்ட நான் தெரியாமலேயே பச்சையைச் சேர்த்துச் சேர்த்து வரைந்திருக்கிறேன். ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி வேறு தானாக ஆன் ஆகியிருக்கிறது. அறையின் சுவரோ மஞ்சள், பல்பும் மஞ்சள். அந்தப் பக்கம் இயக்குநர் பார்த்தது வாட்ஸ்அப்பில், நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில் இருந்த போனில்.

கடன் வாங்கி 16,500 ரூபாய்க்கு ஒரு காலிபரேட்டர் வாங்கினேன். ஆறாயிரம் ரூபாய் மாத வாடகை கட்டத் திணறிய நேரத்தில் அது பெரிய தொகை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேனா டேப்லெட்டுக்கு முன்பே அதை வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முடியாவிட்டால் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம், மாதம் ஒருமுறைதான் தேவைப்படும். வெள்ளைப்புள்ளி 6,500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் 120 நிட் அளவில் வைத்துக்கொண்டேன். சுவருக்குச் சாம்பல் துணி தொங்கவிட்டேன். கோப்பை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற ப்ரொஃபைலோடு சேமித்து, மின்னஞ்சலில் அல்லது டிரைவ் இணைப்பில்தான் இப்போது அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஒப்புதல் வாங்கும் நாளில் மட்டும் என் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுகிறேன். ஒரே திரையை இரண்டு பேரும் பார்க்காதவரை நிறத்தைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. அச்சடித்த டெக், அதாவது படத் தொகுப்பு, வேண்டும் என்றும் ஒருமுறை கேட்டார்கள். 4,200 ரூபாய் கொடுத்து அடித்தேன். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் தாளில் ஊதாவாக இறங்கியது. அச்சு மையால் அந்த நீலத்தைத் தொடவே முடியாது. அச்சுக்குப் போகும்முன் போட்டோஷாப்பில் தாளில் எப்படி விழும் என்று காட்டும் ப்ரூஃப் நிறத்தைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இணையத்தில் கிடைக்கும் பாலெட்டுகளிலும் பிரஷ் தொகுப்புகளோடு வரும் தோல் நிற வரிசைகளிலும் பெரும்பாலானவை வெளுத்த தோலுக்காகச் செய்தவை. அதையே அடர்த்தியாக்கினால் நம் மக்களின் முகம் ஒன்று செங்கலாகிறது, இல்லையென்றால் சாம்பலாகிறது. என் முதல் சுற்றில் எல்லா முகமும் அப்படித்தான் இருந்தது, யாரும் உயிரோடு இருப்பது போலவே தெரியவில்லை. கறுத்த தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி போலத் திருப்பித் தரும். முற்றத்தில் நிற்கும் ஒருவரின் கன்னத்து மேட்டில் வானத்தின் நீலமே விழும், தாடைக்கடியில் தரையின் நிறம் ஏறும், காது மடலில் வெயில் ஊடுருவினால் மட்டும் சிவப்பு வரும். இதை எந்தப் பட்டையிலிருந்தும் எடுக்க முடியாது. என் அப்பாவை மொட்டை மாடியில் காலை 7, மதியம் 12, மாலை 6 மணிக்கு உட்காரவைத்து வரைந்து கற்றுக்கொண்டேன். மூன்று நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று படமும்தான் இன்றுவரை என் தோல் நிற ரெஃபரன்ஸ்.

கடைசியாக, நான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். காரைக்குடிக்குப் போனேன். நான்கு நாள், தங்குமிடமும் சாப்பாடும் பஸ்ஸும் சேர்த்து 9,000 ரூபாய். விடுதியாக மாற்றியிருந்த ஒரு பழைய வீட்டில் தங்கி, விடியற்காலை 5 மணியிலிருந்து ராத்திரிவரை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஒரே தூணருகே உட்கார்ந்து கவ்வாஷ் என்ற நீர்வண்ணத்தில் சின்னச் சின்னதாக வரைந்தேன். பத்து மணி வாக்கில் வெயில் முற்றத்துத் தரையில் இறங்கியதும் ஒன்று நடந்தது. ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பில் பட்ட வெயில் மேலே ஏறி, பர்மாத் தேக்கு உத்தரத்தின் அடிப்பக்கத்தையும், கண்ணாடி போல மெருகேற்றிய வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதியையும் இளஞ்சிவப்பாக்கியது. சுவரின் மேல்பாதி வானத்தின் நீலத்தில் குளிர்ந்திருந்தது. ஒரே வெள்ளைச் சுவர், இரண்டு நிறம். இருபது நிமிடத்தில் அது நகர்ந்துவிட்டது. நான் சேர்த்த 600 படத்தில் ஒன்றில்கூட இது இல்லை. புகைப்படக்காரர்கள் சுவர் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று அதைச் சரி செய்துவிடுகிறார்கள். அந்த இளஞ்சிவப்பைப் பார்த்ததும் கதை முழுக்க எனக்குத் தெரிந்தது. வீடு செழிப்பாக இருக்கும்போது முற்றம் திறந்து வெயில் இறங்கும், சுவரில் இளஞ்சிவப்பு ஏறும். குடும்பம் உடையும்போது மழைக்காலம், வெயில் இல்லை, தரை சும்மா சிவப்புத் தரையாகக் கிடக்கும். பிக்சார் அனிமேஷன் ஸ்டூடியோவில் ரால்ஃப் எகிள்ஸ்டன் செய்த கலர் ஸ்கிரிப்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கதையின் ஏற்ற இறக்கத்தை நிறம் சுமப்பது என்றால் என்ன என்று அந்தத் தூணடியில்தான் விளங்கியது.

திரும்பி வந்து ஒன்பது நாளில் 24 கீயும் முடித்தேன். ஒளிப்பதிவாளர் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வளவுக் காட்சியில் மட்டும், "இங்க மேல ஒரு பவுன்ஸ் கட்டணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குறித்துக்கொண்டார். பவுன்ஸ் என்பது வெளிச்சத்தைத் திருப்பி விழவைக்கக் கட்டும் துணி. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் அழுததெல்லாம் சரி என்று தோன்றியது. ஆனால் அதற்குள் ஜூலை கடைசி. தயாரிப்புத் தரப்பு தாமதத்தைக் காரணம் காட்டி, அடுத்து வரும் வேலையை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கையில் வந்தது அட்வான்ஸ் 50,000, பிறகு 40,000. மீதி 90,000 வரவில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை முறை திருத்தம் என்று எழுதவே இல்லை, அதனால் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. காலிபரேட்டர், அச்சு, பயணம் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக என் கைக்காசு. கடனை அடைக்க டிசம்பர் ஆனது.

இப்போது நான் எழுதும் ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் கூடுதலாக இருக்கின்றன. முதல் பத்து நாள் கலர் கீ கிடையாது, வெளிச்சமும் அடர்த்தியும் மட்டும் கறுப்பு வெள்ளையில், அதற்கு ஒப்புதல் வந்தபின்தான் நிறம். அந்தக் கட்டத்திலேயே ஒளிப்பதிவாளரும் உட்கார வேண்டும். இரண்டு சுற்றுத் திருத்தம் சம்பளத்துக்குள், மூன்றாவது சுற்றுக்கு நாள் கணக்கில் பணம். இடத்தைப் போய்ப் பார்க்கும் செலவு அவர்களுடையது. முதல் முறை இதைக் கேட்டபோது குரல் நடுங்கியது. எதிரில் இருந்தவர் இதில் மூன்றை உடனே ஒத்துக்கொண்டார், பயணச் செலவில் பாதி தருகிறேன் என்றார்.

சென்ற மாதம் ஒரு விளம்பரப் படத்துக்கு வேலை வந்தது. நகைக்கடை, கல்யாண வீடு. ரெஃபரன்ஸ் கோப்புறையைத் திறக்கும் முன் அப்பத்தாவின் அரக்குச் சேலையை எடுத்து ஜன்னலோரம் விரித்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். காலை, மதியம், விளக்கு வைத்தபின் என்று மூன்று முறை அதை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.